பேய் விட்டது, பூட்டு விழுந்தது

புதுவைக்கும் கடலூருக்கும் இடையே, கடலோரத்தில், பாகூர்க் கம்யூனில் அடங்கிய சிற்றூர் மணப்பட்டு. அவ்வூராயினும் சரி, தமிழகத்தின் வேறெந்தச் சிற்றூராயினும் சரி, ஒரு சிறுமி நின்ற நிலையில் கீழே விழுந்து, கண் செருகி, பல் கிட்டி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கத் தொடங்கினால், கூடி நிற்போர் முதலில் தேடுவது எதை? மருத்துவரையா? இல்லை, சாவியை! "இரும்பு கொண்டா, இரும்பு கொண்டா" என்று ஒருவர் கூவுவார். மற்றொருவர் இடுப்பில் செருகிய சாவிக்கொத்தை எடுத்து அந்தப் பிள்ளையின் கையில் திணிப்பார். இரண்டொரு நிமிடத்தில் வலிப்புத் தானாகவே அடங்கும். அடங்கிய பெருமை சாவிக்குப் போகும். சாவியை வைக்காதிருந்தாலும் அடங்கியிருக்கும் என்று சொல்ல வந்தவனை, நேற்றுப் பிறந்தவன் என்று வாயடைப்பார்கள்.

நோயின் பெயரைத்தான் பாருங்கள்: காக்காய் வலிப்பு! காக்கைக்கும் இந்நோய்க்கும் என்ன உறவு? காலும் கையும் இழுப்பதால் கால்கை வலிப்பு என்று வழங்கியது நாவில் தேய்ந்து காக்காய் வலிப்பு ஆயிற்று என்பர். காக்கைக்கு வந்த பழி, சொல் தேய்ந்ததால் வந்த பழி. நோயுற்ற மனிதருக்கு வந்த பழியோ அப்படிப்பட்டதன்று. அறிந்தே ஏற்றிய பழி அது.

முயலகன் என்னும் பெயரை நாம் எல்லோரும் அறிவோம். ஆடவல்லானின் காலடியில் முதுகு நெரியக் கிடக்கும் குறள் வடிவம். வடமொழியில் அவனுக்கு அபஸ்மாரன் என்று பெயர். அபஸ்மாரம் என்பதோ வடமொழி மருத்துவ நூல்களில் வலிப்பு நோய்க்கு உரிய சொல். பெரியபுராணத்தில் ஒரு கதை வருகிறது. கொல்லி மழவன் என்னும் சிற்றரசனின் மகளை முயலகன் என்னும் நோய் பற்றியது. தந்தை அவளைத் திருப்பாச்சிலாச்சிராமத்துக் கோயிலுக்குக் கொணர்ந்து சந்நிதியில் கிடத்திவிட்டான். அவ்வழி வந்த ஞானசம்பந்தர் பதிகம் பாடினார்; பெண் நோய் நீங்கி எழுந்தாள். கதை இவ்வளவே. இதைப் படித்து உருகியவர் பலர். நாம் கேட்பது ஒன்றே: பதிகம் பாடுவார் வராத நாள்களில், மன்னன் மகளாகப் பிறவாத பெண்கள், எந்தச் சந்நிதியில், எத்தனை நாள் கிடந்தார்கள்? கிடந்து என்ன ஆனார்கள்? புராணம் பாடுவோருக்கு அந்தக் கணக்கு வேண்டியதில்லை. வரலாறு எழுதுவோருக்கு வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பழைய மருத்துவர் எல்லோரும் பேயைச் சொல்லித் தப்பித்தவர் அல்லர். சரகர் பெயரால் வழங்கும் நூல், வாதம் பித்தம் கபம் ஆகியவற்றின் கேட்டைக் கொண்டு இந்நோயை வகைப்படுத்துகிறது. கணக்கு தவறு, ஆயினும் அது உடலைப் பற்றிய கணக்கு. கிரேக்கத்தில், கி.மு. 400ஐ ஒட்டி, இப்போக்கிரேட்டசின் மரபினர் இந்நோயைப் பற்றித் தனி நூலே எழுதினர். உலகம் அதனைப் புனித நோய் என்று அழைத்தது. அவர்களோ, மற்ற நோய்களை விட இதில் புனிதம் ஏதும் இல்லை, இதன் இருப்பிடம் மூளை என்றார்கள். மருந்து அறியாதவர் தம் அறியாமையை மறைக்கவே தெய்வத்தைத் துணைக்கு அழைத்தனர் என்று இடித்தும் உரைத்தார்கள். இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் சொன்ன சொல் அது. அதற்குப் பின்னும் வலிப்பின் வேரைத் தேடி மூளையைத் திறந்து பார்க்க மனிதர் பெரிதும் முனைந்து நின்றது 19ஆம் நூற்றாண்டில்தான்.

அந்த நூற்றாண்டுக்கே செல்வோம். 1879ஆம் ஆண்டை எடுத்துக் கொள்வோம். அப்போது மணப்பட்டில் பறந்தது பிரஞ்சுக் கொடி. தெற்கே கடலூரில் பறந்தது விக்டோரியா அரசியின் கொடி. பாகூர்ப் பகுதியின் பிரஞ்சு ஊர்களும் தென்னார்க்காட்டின் ஆங்கிலேய ஊர்களும் பாயின் கோரைபோல் பின்னிக் கிடந்தன. வரப்பு ஒன்றைத் தாண்டினால் சட்டம் வேறு. வலிப்பு வந்த ஒரு பிள்ளைக்கு, கோயில் திண்ணையை விட்டால், இந்த இரண்டு ஆட்சிகளின் தலைநகரங்களிலும் திறந்திருந்த கதவு எது?

ஆங்கிலேயரின் கதவை முதலில் பார்ப்போம். கும்பினியிடமிருந்து ஆட்சியை அரசி ஏற்றுக்கொண்ட அதே 1858ஆம் ஆண்டில், பித்தர் பற்றிய மூன்று சட்டங்கள் இந்தியாவிற்கு இயற்றப்பட்டன. அவற்றுள் 36ஆம் எண்ணுடைய சட்டம் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளைப் பற்றியது. தெருவில் திரியும் பித்தரைப் போலீசார் பிடித்து மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்துவர், மருத்துவர் பார்த்துச் சான்று எழுதுவார், மாஜிஸ்திரேட் ஆணையிடுவார், கதவு திறக்கும், மூடும். சென்னையில் அந்தக் கதவு இருந்த இடம் கீழ்ப்பாக்கம். 1794இல் வாலண்டைன் கொனொலி என்னும் அறுவை மருத்துவர் சிறிய அளவில் தொடங்கிய விடுதியின் வழிவந்தது அது. 1871இல் லோகாக் தோட்டம் என்ற 66.5 ஏக்கர் நிலத்தில், 145 நோயாளிகளுடன், புதிய இடத்தில் திறக்கப்பட்டது. அன்று தொடங்கி அந்த ஊரின் பெயரே தமிழர் வாயில் வசவாகிவிட்டது. கீழ்ப்பாக்கம் கேஸ் என்று இன்றும் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். சொல்பவருக்குச் சிரிப்பு, அங்கே மகளை விட்டுவிட்டு வந்த தாய்க்கு?

அந்த விடுதிகளில் சேர்க்கப்பட்டோர் அனைவரும் பித்தர் என்று நினைத்தால் அது பிழை. பித்துக்குக் காரணம் எழுதும் பட்டியலில் கஞ்சாவோடும் குடியோடும் வலிப்பும் இடம்பெற்றது. இங்கிலாந்திலோ ஒவ்வொரு மாவட்டமும் பித்தர் விடுதி கட்டியே தீர வேண்டும் என்று 1845இல் சட்டம் வந்தது. வலிப்பு நோயாளர் அவ்விடுதிகளில் தனி வார்டுகளையே நிறைத்தனர். சேர்க்கைப் படிவத்தில் மூன்று வினாக்கள் அடுத்தடுத்து இருந்தன. வலிப்பு உண்டா? தற்கொலைக்கு முயல்பவரா? பிறருக்கு ஆபத்து விளைவிப்பவரா? இந்தியாவிற்கு 1912இல் வந்த பித்தர் சட்டத்தின் படிவமும் இதே வினாக்களை வைத்துக்கொண்டது. நம் நாட்டிற்கென்று மற்றொன்றையும் சேர்த்தது: நோயாளியின் சாதி என்ன? அறிவு கலங்கியவனிடமும் சாதியைக் கேட்கத் தவறாத படிவம்! மருந்துக்கு அது எவ்வகையில் உதவிற்று என்பதை எழுதியவர்களே அறிவர்.

வலிப்பைப் பற்றிய வினாவில் முற்றிலும் நியாயம் இல்லை என்று நாம் சொல்லவில்லை. இரவில் வலிப்பு வந்து, தலையணையில் முகம் புதைந்து, மூச்சடைத்து இறந்தவர் அவ்விடுதிகளில் உண்டு. விழித்திருந்து காக்கும் ஆள் உள்ள வார்டில் படுக்க வைக்க வேண்டும் என்பதற்காகவும் கேட்டார்கள். ஆனால், எந்த வினா எந்த வினாவின் பக்கத்தில் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். தற்கொலைக்கும் கொலைக்கும் அருகே வலிப்பு உட்கார்ந்துவிட்டது. படிவத்தில் அருகிருந்தது நாளடைவில் மனத்திலும் அருகிருந்தது. வலிப்பு இல்லாத வேளையில் நம்மைப் போலவே பேசி, நம்மைப் போலவே கணக்குப் போட்டு, நம்மைப் போலவே வீட்டை நினைத்து ஏங்கிய எத்தனையோ இளைஞர்கள், திங்களுக்கு இரண்டு முறை வரும் சில நிமிட இழுப்புக்காக, ஆண்டு முழுதும் பூட்டுக்குள் இருந்தனர். தெளிந்த அறிவோடு பித்தர் நடுவே வாழ்வது எத்தகைய தண்டனை என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனி மணப்பட்டின் கொடிக்கு உரிய நாட்டின் கதவு. பாரிசு நகரில் சால்பெத்ரியேர். வெடிமருந்துக்கு வேண்டும் உப்பைச் சேர்த்த இடம். 1656இல் பதினான்காம் லூயி மன்னன் ஏழைகளையும் இரவலரையும் அடைக்கும் விடுதியாக மாற்றினான். பின்னர் அது பெண்களுக்கான விடுதியாகி, ஆயிரக்கணக்கானோர் உள்ளே வாழும் ஒரு நகரமாகவே வளர்ந்தது. அங்கே வலிப்புடைய பெண்களும் பித்துற்ற பெண்களும் கலந்தே கிடந்தனர். 1870ஐ ஒட்டி ஒரு பழைய கட்டடம் இடியும் நிலைக்கு வந்தது. வேறு வழியின்றி, பித்தில்லாத வலிப்புப் பெண்களைப் பிரித்துத் தனி வார்டில் வைத்தனர். அது ஷார்க்கோ என்னும் பெரும் மருத்துவரின் பொறுப்பில் வந்தது. அறிவு சொல்லிக் கேளாததை ஒரு பழைய சுவர் செய்து முடித்தது! வலிப்பு வேறு, பித்து வேறு என்பதற்கு அடிக்கல் விழுந்தது இப்படித்தான்.

அந்த மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தாள் ஒரு சிறுமி. மருத்துவ ஏடு அவளை மரி என்று குறிக்கிறது. கைக்குழந்தையாய் இருந்தபோதே வலிப்பு. மூன்று வயதில் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். தீராத நோய் என்று கைவிரித்துவிட்டார்கள். தீராதவர்களுக்கு உரிய இடம் அந்நாளில் விடுதி. நடக்கவும் பேசவும் இயலாத பெண். முகத்தில், மூக்கிலும் கன்னத்திலும் நெற்றியிலும், சிவந்த சிறு பருக்கள் நெருங்கிப் படர்ந்திருந்தன. பதினைந்து வயதில் அவளைக் கவனித்தவர் பூர்ன்வில். அப்போது தெலாசியோவ் என்னும் மூத்த மருத்துவரின் கீழ்ப் பணியாற்றியவர்.

என்ன மருத்துவம் செய்தார்கள்? சின்கோனாப் பட்டை, கற்பூரம் கலந்த புரோமைடு, அமைல் நைட்ரைட்டு; காதுக்குப் பின்னால் அட்டை விட்டு இரத்தம் எடுத்தல். அறிவு விடிந்தும் விடியாத வேளையின் மருந்துப் பை அது. பழைய அட்டையும் புதிய உப்பும் ஒரே பையில் இருந்தன. வலிப்பு குறையவில்லை, ஒன்றன்மேல் ஒன்றாகக் கொத்துக் கொத்தாய் வந்தது. 1879 மே 7ஆம் நாள் மரி இறந்தாள்.

கதை அங்கே முடிந்திருக்கலாம். அந்நாள் வரை ஆயிரம் பிள்ளைகளுக்கு அப்படித்தான் முடிந்தது. பூர்ன்வில் முடிக்கவில்லை. மூளையைத் திறந்து பார்த்தார். மென்மையாய் இருக்க வேண்டிய மூளை மடிப்புகளில் கிழங்குகள் போல் தடித்து இறுகிய கட்டிகள்! இங்கிருந்துதான் வலிப்பு எழுந்தது என்று முடிவு கட்டினார், 1880இல் வெளியிட்டார். கிழங்கைக் குறிக்கும் பிரஞ்சுச் சொல்லால் அவர் இட்ட பெயரே இன்றும் மருத்துவ நூல்களில் அந்நோயின் பெயர். சிறுநீரகத்திலும் கட்டிகள் கண்டார். அவற்றை மூளைக் கட்டியோடு தொடர்புபடுத்த அவரால் இயலவில்லை. முகத்துப் பருக்களும் மூளைக் கட்டியும் ஒரே வேரின் கிளைகள் என்பதைப் பின்வந்தோர் கண்டனர். 1993இலும் 1997இலும் அந்த வேரைப் பிடித்தார்கள்: இரண்டு மரபணுக்கள். அந்தக் கோளாறு செல்லுக்குள் எதைத் தூண்டிவிடுகிறது என்று கண்டு, அதை அடக்கும் மருந்து ஒன்றுக்கு, இந்நோயில் வரும் வலிப்பைக் குறைக்கத் துணைமருந்தாக 2018இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மரியை எந்தப் பேயும் பிடிக்கவில்லை. அவள் தாய் செய்த பாவமும் இல்லை, முற்பிறப்பு வினையும் இல்லை.

பூர்ன்வில்லைப் பற்றி நம் தோழர்கள் மேலும் சிறிது அறிந்திருத்தல் நலம். பாரிசு நகரசபையில் உறுப்பினர், பிறகு நாடாளுமன்றத்தில் உறுப்பினர். மருத்துவமனைகளில் கன்னிமார் செய்துவந்த பணிக்குப் பயிற்சி பெற்ற செவிலியர் வரவேண்டும் என்று போராடி, 1878இல் செவிலியர் பள்ளிகள் தொடங்கச் செய்தவர். பேய் பிடித்தவர் என்று முற்காலத்தில் சூடு போடப்பட்டோர், எரிக்கப்பட்டோர் ஆகியோரின் பழைய ஆவணங்களைத் தேடி வரிசையாக நூலாக்கி வெளியிட்டு, இவர்கள் நோயாளிகள், குற்றவாளிகள் அல்லர் என்று காட்டியவர். 1879 முதல் பிசேத்ர் மருத்துவமனையில், வலிப்பும் அறிவு வளர்ச்சிக் குறையும் உடைய சிறுவர்களுக்குப் பள்ளியும் தொழிற்கூடமும் அமைத்தார். தையல், தச்சு, அச்சு ஆகியவை கற்றுக் கொடுத்தார்கள். அடைத்து வைக்கும் இடத்தைப் பள்ளியாக்கிய அந்தச் செயலை, மூளையில் கண்ட கண்டுபிடிப்பை விடவும் பெரிதென்று நாம் மதிக்கிறோம்.

மரிக்குக் கொடுத்த புரோமைடுக்கும் ஒரு கதை உண்டு, வேடிக்கையான கதை. அதை வலிப்புக்கு முதலில் பரிந்துரைத்தவர் சர் சார்லசு லோகாக், விக்டோரியா அரசிக்கே பிரசவம் பார்த்த மருத்துவர். 1857இல் இலண்டன் மருத்துவர் அவையில் சொன்னார். பெண்களுக்கு வரும் ஒருவகை வலிப்பு மாதவிலக்கோடும் காம உணர்ச்சியோடும் தொடர்புடையது என்பது அவர் எண்ணம், புரோமைடு அவ்வுணர்ச்சியை அடக்கும் என்று படித்திருந்தார், கொடுத்தார், வலிப்பு அடங்கியது. எண்ணம் தவறு, மருந்து சரி! நோயாளியின் ஒழுக்கத்தில் குற்றம் காணப் புகுந்தவர், தம்மையறியாமல் நரம்புக்கு மருந்து கண்டார். 1912இல் பினோபார்பிட்டால், 1938இல் பெனிட்டாயின் என்று மேலும் நல்ல மருந்துகள் வந்தன. சென்னைத் தோட்டத்திற்கும் இம்மருத்துவருக்கும் பெயர் ஒன்றாயிருப்பதைப் படிப்பவர் கவனித்திருப்பர். பெயர் ஒற்றுமை என்ற அளவில் நாமும் சொல்லிச் செல்கிறோம்.

பேய் போயிற்று, மருந்தும் வந்தது. பூட்டும் போயிருக்க வேண்டும் அல்லவா? போகவில்லை. பேயின் இடத்தில் வேறொன்று உட்கார்ந்தது. இத்தாலிய லொம்பிரோசோ, பிறவிக் குற்றவாளிக்கும் வலிப்புக்கும் ஒரே அடிப்படை என்று நூல் எழுதினார். 1895இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் வலிப்புடையோர் மணம் செய்தலைத் தடுத்தது. 1933இல் இட்லரின் செர்மனி, பரம்பரை வலிப்புடையோரைக் கருவறுக்கும் பட்டியலில் சேர்த்தது. மந்திரவாதி பேயென்று சொன்னதை, கோட்டு அணிந்தவர்கள் இரத்தம் என்றார்கள். இரண்டுமே நோயாளியைக் கேளாமல் நோயாளிமேல் எழுதிய தீர்ப்பு. அறிவியல் என்ற பெயர்ப்பலகை மாட்டியிருப்பதாலேயே ஒன்றை நாம் வணங்கிவிடலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அயலாரைச் சொல்லி நாம் தப்ப முடியாது. இந்து மணச் சட்டம் 1955இல் எழுதப்பட்டபோது மணத்திற்குத் தடையாக அறிவுக்குறையும் பித்தும் மட்டுமே சொல்லப்பட்டிருந்தன. 1976இல் அதைத் திருத்தியபோது, அடிக்கடி வரும் பித்து என்பதோடு வலிப்பு என்ற சொல்லையும் சேர்த்தார்கள். உலகம் வலிப்புக்கு மருந்து தின்று வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், நம் நாடாளுமன்றம் விக்டோரியா காலத்துப் படிவத்தைத் தூசி தட்டி எடுத்தது! அந்த ஒரு சொல்லைக் காட்டி மருமகளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்ற நிலை 23 ஆண்டுகள் இருந்தது. எத்தனை பெண்கள் மாத்திரையைத் தலையணைக்குள் ஒளித்து வைத்து, கணவன் காணாமல் விழுங்கி, விழுங்க முடியாத நாளில் வலிப்பு வந்து, உண்மை வெளிப்பட்டு, தாய் வீட்டுத் திண்ணைக்குத் திரும்பியிருப்பார்கள்! மருத்துவர்களும் நோயாளர் சங்கத்தாரும் விடாது முயன்று, 1999இல்தான் அந்தச் சொல் சட்டத்திலிருந்து நீங்கிற்று. ஊர் வாயிலிருந்து நீங்கிற்றா என்பதைப் பெண் பார்க்கும் தரகர்களிடம் கேட்டால் தெரியும்.

பேயும் பூட்டும் ஒரே கூரையின் கீழ் கைகோத்து நின்ற இடமும் நம் மண்ணில் உண்டு. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை நாடி வந்தோரைத் தங்க வைத்த கொட்டகை ஒன்றில், 2001 ஆகத்து 6ஆம் நாள் விடியற்காலையில் தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தனர். மாண்டவர் 28 பேர். தெய்வம் கனவில் வந்து ஆணையிடும் வரை சங்கிலி என்பது அங்கே நடைமுறை. தர்கா ஆனாலும் கோயில் ஆனாலும் மாதா கோயில் ஆனாலும், சங்கிலிக்கு மதம் இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எவ்வகையிலும் சங்கிலியிடுதல் கூடாது என்று வெளிப்படையாக விலக்கிற்று.

வலிப்பு இன்று உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு உண்டு என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். தக்க மருந்து உண்டால் அவர்களுள் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம். ஏழை நாடுகளிலோ நால்வரில் மூவர் அந்த மருந்தைப் பெறுவதில்லை. மருந்து விலை மிகுந்ததா என்றால், அதுவும் இல்லை. 1912இல் வந்த பினோபார்பிட்டால் இன்றும் மிகக் குறைந்த விலை மருந்துகளுள் ஒன்று. நம் நாட்டில் வலிப்புக்கு ஒரு காரணம் பன்றி நாடாப்புழுவின் முட்டை. அது மலம் கலந்த நீர் வழியாகவும் கழுவாத கீரை வழியாகவும் வயிற்றுக்குள் சென்று, மூளையில் கட்டியாகத் தங்குகிறது. புலால் தொடாத வீட்டாருக்கும் வரும். ஆகவே மணப்பட்டிலோ மற்றோர் ஊரிலோ நல்ல கழிப்பிடமும் நல்ல குடிநீரும் கேட்டு மனுக் கொடுக்கும் இளைஞன், வலிப்பைத் தடுக்கும் வேலையையும் சேர்த்தே செய்கிறான்.

அந்தச் சிறுமி விழுந்தால் என்ன செய்வது? கூட்டத்தை விலக்கிக் காற்று வர விட வேண்டும். தலைக்குக் கீழே மடித்த துணி. கழுத்து இறுக்கம் தளர்த்தல். எச்சில் வழிந்து வெளியேறும்படி ஒருக்களித்துப் படுக்க வைத்தல். வாயில் எதையும் திணிக்கலாகாது, தண்ணீர் ஊற்றலாகாது, கை காலை அழுத்திப் பிடிக்கலாகாது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் கடந்தும் இழுப்பு நிற்கவில்லையென்றால், நின்று உடனே மீண்டும் வந்ததென்றால், 108ஐ அழைக்க வேண்டும். சாவி வீட்டுக் கதவிலேயே இருக்கட்டும்.